ஆயிரம் வருடக் கிண்ணம் கீறல் இல்லாமல் இருந்தால்

பழைய மட்பாண்டங்களைச் சுத்தம் செய்து, ஒட்டிப் பேணுவது என் தொழில். 'நிஷாபூர் கிண்ணம், 10ஆம் நூற்றாண்டு, முழுமையானது' என்று ஆன்லைன் ஏலத்தில் வரும் படங்களை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு முதலில் உறுத்துவது அந்த 'முழுமையானது'தான்.

நிஷாபூர் ஈரானின் வடகிழக்கில் இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அங்கே 1935 முதல் 1940 வரையும், பிறகு 1947இலும் அகழாய்வு நடத்தியது. அந்த ஊரின் பேர்போன பாண்டங்களில் களிமண் உடலுக்கு மேல் வெள்ளைக் களிமண் குழம்பு பூசி, கறுப்பில் கூஃபி என்ற பழைய அரபி எழுத்து வடிவில் அரபிப் பழமொழியோ வாழ்த்தோ எழுதி, மேலே ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சு கொடுத்திருப்பார்கள். இந்த அழகு வெளியே தெரிந்ததும் விற்பனைக்காகத் தோண்டுகிறவர்கள் இறங்கிவிட்டார்கள். மண்ணிலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி உடைந்த சில்லுகள். சந்தை கேட்டதோ முழுக் கிண்ணம்.

அப்புறம் என்ன, பட்டறைகள் கிண்ணத்தை உண்டாக்கின. வளைவும் கனமும் ஒத்துப்போகிற வெவ்வேறு பாத்திரங்களின் சில்லுகளைத் தேய்த்துப் பொருத்தி, இடைவெளியைப் பிளாஸ்டரால் அடைத்து, மேலே பெயிண்ட், வார்னிஷ். சில வேலைகளில் கைத்திறன் அபாரம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். கூஃபி வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டினால், பாதிப் பழமொழிக்குப் பிறகு வெறும் கோடுகளாகப் போவதைச் சொல்லிவிடுவார். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தாலும் ஒட்டுப்பூச்சு தனியாகத் தெரியும். பழைய ஷெல்லாக் (அரக்கு) பசை ஆரஞ்சாக ஒளிரும்.

விற்பவர்கள் தெர்மோலுமினசென்ஸ் (சுட்ட மண்ணின் வயதைக் கணிக்கும் சோதனை) சான்றிதழை நீட்டுவார்கள். மாதிரி எடுத்த இடத்தின் மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லும். பக்கத்துச் சில்லு எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. அதைவிட முக்கியமான காகிதம், பொருள் ஈரானை விட்டு எப்போது, எப்படி வெளியேறியது என்பதற்கான ஆவணம். திருட்டுக் கலைப்பொருள் வணிகத்துக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970இல் வந்தது. அந்த வருடத்துக்கு முந்தைய ரசீதோ ஏலப் பட்டியலோ கேளுங்கள். 'பழைய ஐரோப்பியக் குடும்பச் சேகரிப்பு' என்பது ஆவணம் ஆகாது.

சரி, வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா? தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். பிளாஸ்டர் இளகும், விலங்குப் பசை கரையும், மண்ணிலிருந்து உறிஞ்சிய உப்பு காயும்போது படிகமாகி மேல்பூச்சையே உரித்துத் தள்ளும். வானவில் போல மின்னும் படலத்தை அழுக்கென்று நினைத்துத் தேய்க்கிறார்கள். அது அழுக்கில்லை, மண்ணுக்குள் கிடந்து சிதைந்த கண்ணாடிப் பூச்சு. தேய்த்தால் பூச்சேதான் போகும்.

அதில் சாப்பாடும் வேண்டாம். எலுமிச்சை, புளி, தயிர் எல்லாம் ஈயப்பூச்சிலிருந்து ஈயத்தை இழுக்கும், குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அதே பாணியில் இன்று செய்து விற்கிற புதுக் கிண்ணங்களுக்கும் இது பொருந்தும்: ஈயம் இல்லை, உணவுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் உறுதி தராதவரை அவை அலமாரியிலேயே இருக்கட்டும்.