எனக்கும்தான் தலையணை நனையும்

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறும் இளைஞர் ஒருவர், ஒரு வாரமாக க்ளோசபின் என்ற மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டுத் துப்பிவந்தார். அம்மா அழுதார். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று மனநல சமூகப் பணியாளராக நானும் பொறுமையாக விளக்கினேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

மனநோயோடு வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகப் பேசிக்கொள்ளும் எங்கள் சனிக்கிழமைக் குழுவுக்கு வரும் ஒருவர், அதே க்ளோசபின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, ராத்திரி எச்சில் வடிஞ்சு தலையணை நனையுதா?"

இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குமாண்ணே?"

"எனக்கும்தான். துண்டு விரிச்சுப் படுப்பேன். அப்புறம் வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொன்னேன். அளவைப் பார்த்துக் குறைச்சார்."

மாத்திரையைத் துப்பியதற்கு, தங்கை கல்யாணத்துக்கு வீடு நிறைய உறவினர் வந்து தங்கப்போகிறார்கள், அவர்கள் நடுவே இப்படிப் படுப்பதா என்ற கூச்சம்தான் காரணமாம். அதை அந்த இளைஞர் என்னிடம் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அன்றே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனதும் அந்த அண்ணன்தான். க்ளோசபினை இரண்டு நாளுக்கு மேல் விட்டவர்கள் பழைய அளவிலேயே தாங்களாக மறுபடி தொடங்கக் கூடாது. டாக்டர்தான் சிறு அளவிலிருந்து ஏற்றவேண்டும். இது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

குடிநோயில் இந்தத் துணையை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியில் சிக்கித் தவித்த இருவர் ஒருவருக்கொருவர் பேசித் தேறியதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். மனச்சிதைவு, இருதுருவ நோய் என்றால் மட்டும் "அவனே நோயாளி, அவன் எப்படி இன்னொருத்தனைப் பார்ப்பான்?" என்கிறார்கள். எங்கள் துறையிலும் இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய வருத்தம். நோயோடு வாழ்ந்து தெரிந்துகொண்டதும் ஓர் அறிவுதான். அதை எந்தப் படிப்பும் எனக்குத் தரவில்லை.

ஆனால் இதற்கு எல்லை வேண்டும். "நான் நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு மாத்திரையை விட்டு, மறுபடி வார்டில் சேர்ந்தவரைப் பார்த்திருக்கிறேன். அதனால் குழுவில் பக்கவிளைவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்; அளவைக் கூட்டவோ குறைக்கவோ யாரும் யோசனை சொல்லக்கூடாது. சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால், அதைத் தன்னோடு ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் உடனே எங்களிடம் சொல்லவேண்டும். நடுராத்திரி என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. பிறர் துயரத்தைக் கேட்பவருக்கும் களைப்பு வரும். தூக்கம் குறைவது நோய் திரும்புவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனால் அந்த அண்ணனிடம் மாதம் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசுகிறேன். என் முதல் கேள்வி எப்போதும் தூக்கத்தைப் பற்றித்தான். போன மாதம் "நாலு நாளா சரியில்லைங்க" என்றார். டாக்டரைப் பார்க்க வைத்து, இரண்டு சனிக்கிழமை ஓய்வு எடுக்கச் சொன்னோம். குழுவில் துணை செய்வதற்காக அவருக்குத் தரும் படித்தொகையை அந்த இரண்டு வாரத்துக்கும் நிறுத்தவில்லை.