ஸ்க்ரூ ஸ்பேனர்: தமிழில் எப்படிச் சொல்வது?

பட்டறையில் "ஸ்க்ரூ ஸ்பேனர் எடு" என்றால் ஸ்க்ரூ திருகும் கருவியைக் கேட்கிறார்கள் என்று பொருளில்லை. அதற்குத் திருப்புளி இருக்கிறது. கேட்பது, தலையிலேயே ஒரு ஸ்க்ரூ வைத்த ஸ்பேனரை. அந்தத் திருகு உருளையைக் கட்டைவிரலால் உருட்டினால், அதன் புரி நகரும் தாடையின் அடியிலுள்ள பற்களைத் தள்ளும். வாய் அகலும் அல்லது குறுகும். மற்றொரு தாடை பிடியோடு ஒரே துண்டு, அசையாது. உருளையைத் தாங்க ஒரு பின், ஒரு சிறு ஸ்பிரிங். கருவி மொத்தமும் இவ்வளவுதான்.

அளவு சொல்வது நீளத்தை வைத்து. 6 அங்குலத்தின் வாய் சுமார் 20 மி.மீ. திறக்கும், 10 அங்குலம் சுமார் 30 மி.மீ. அங்குல நட்டும் மில்லிமீட்டர் நட்டும் கலந்து கிடக்கும் பழைய பம்ப்செட்டில் இந்த ஒன்று ஒரு செட் ஸ்பேனரின் வேலையைப் பார்த்துவிடும்.

ஆனால் நட்டின் மூலையை மொட்டையாக்குவதிலும் இதுதான் முதலிடம். வாயின் அடிவரை நட்டைக் கொண்டுபோய், உருளையை இறுக்கி, ஒரு தடவை லேசாக ஆட்டிப்பார்த்து, கிடைக்கும் இடைவெளிக்கு மறுபடி இறுக்க வேண்டும். அப்புறம் திசை. கருவி எந்தப் பக்கம் சுற்றப்போகிறதோ அந்தப் பக்கம் நகரும் தாடை இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் அசையாத தாடையில் விழும். மாற்றிப் பிடித்தால் பாரம் முழுவதும் நகரும் தாடையின் நுனிக்குப் போகும். சில பற்களை மட்டும் நம்பி நிற்கும் அந்தத் தாடை விரிந்துகொடுக்கும், நட்டு வழுக்கும், கை போய்ச் சுவரில் இடிக்கும். இறுக்க ஒரு முகம், கழற்ற மறுமுகம்: கருவியைத் திருப்பிப் போடச் சோம்பல்படக் கூடாது. பிடியில் பைப்பைச் செருகி நீளம் கூட்டுவதும், பிடியைச் சுத்தியலால் தட்டுவதும் தாடையைத் தளர்த்தும் வழிகள். துருப்பிடித்த நட்டுக்கு ரிங் ஸ்பேனரே சரி.

தலை ஏன் சாய்ந்திருக்கிறது? 15 டிகிரி சாய்வுள்ள கருவியைப் புரட்டிப் போட்டால் 30 டிகிரி வித்தியாசம் கிடைக்கும். ஆறுபட்டை நட்டுக்கு ஒவ்வொரு பிடிக்கும் 60 டிகிரி சுற்ற வேண்டியது, மாற்றி மாற்றிப் புரட்டினால் பாதியாகிவிடும். இண்டு இடுக்கில் பிடி ஆட இடமில்லாதபோது அதன் அருமை தெரியும். அந்த நேரத்தில் மட்டும் மேலே சொன்ன திசை விதி ஒரு பிடி விட்டு ஒரு பிடி மீறப்படும் என்பதால், இறுகிய நட்டில் இந்த வித்தை வேண்டாம்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் கிளைபர்ன் 1842-இல் ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்று நாம் பிடிக்கும் வடிவம் ஸ்வீடன்காரர் யோகான் பெட்டர் யோகான்சனுடையது; காப்புரிமை ஆண்டு 1892. யாரிடமிருந்து வந்ததென்று ஒவ்வொரு நாடும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஸ்பானிய மொழியில் அது 'ஆங்கிலச் சாவி', போலிஷிலும் ஹங்கேரியனிலும் 'பிரெஞ்சுச் சாவி', டேனிஷில் 'ஸ்வீடன் சாவி'. வாய் மாறும் ஸ்பேனரின் பழைய வகை ஒன்றுக்குள்ள 'மங்கி ரெஞ்ச்' என்ற பெயரை மாங்கி என்ற ஒருவரோடு முடிச்சுப் போடும் கதைக்கு ஆதாரமில்லை.

ஸ்பேனரை அமெரிக்கர்கள் சொல்லும் ரெஞ்ச் என்பது முறுக்குதலைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பேனர் ஜெர்மன் சொல். முதலில் அது நட்டுக்கானதே அல்ல. சக்கரம் சுழன்று தீப்பொறி எழுப்பும் 17-ஆம் நூற்றாண்டுச் சக்கரத் துப்பாக்கியின் ஸ்பிரிங்கை முறுக்கி ஏற்றும் சாவிக்குத்தான் அந்தப் பெயர்.

நாம் கடிகாரத்துக்கு 'சாவி கொடுக்கிறோம்' அல்லவா, அதே வேலை. சாவி என்ற சொல்லே போர்ச்சுகீசிய 'ஷாவி'. அம்மொழியில் பூட்டுச் சாவிக்கும் ஸ்பேனருக்கும் ஒரே சொல். நாம் பூட்டுக்கும் கடிகாரத்துக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு நட்டை விட்டுவிட்டோம்.

தமிழில் மரை என்பது திருகுப் புரி. பேச்சில் நட்டுக்கும் அதுவே, 'மரை கழன்ற ஆள்' என்று கேலி பேசும் அளவுக்கு. எனவே ஸ்பேனருக்கு மரைமுடுக்கி பொருந்தும். வெறும் 'முடுக்கி' என்று சுருக்கினால் இயற்பியல் முடுக்கத்தோடு குழம்பும். வாய் மாறும் வகையை 'நகர்தாடை மரைமுடுக்கி' எனலாம்; பேச்சுக்கு 'நகர்வாய்ச் சாவி' போதும். 'அட்ஜஸ்டபிள் ரெஞ்ச்' என்ற ஆங்கிலப் பெயரை 'சரிப்படுத்தத்தக்க குறடு' என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவது இரண்டு வகையில் தவறு. நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பது ஒன்று. குறடு கவ்வும் கருவி, இதுவோ கவ்வுவதில்லை, இரு பக்கம் அணைத்துத் திருப்புகிறது என்பது மற்றொன்று.

குறடு என்ற பெயர் பைப் ரெஞ்சுக்குப் பொருந்தும். அதன் தாடைகளில் பல் உண்டு. இழுக்க இழுக்க உருண்டைக் குழாயைக் கடித்துப் பிடிக்கும், அதுவும் ஒரு திசையில் மட்டும். குழாய்க் குறடு என்றே சொல்லலாம். அதை நட்டில் மட்டும் போடாதீர்கள். இரண்டு இழுப்பில் மூலையைத் தின்றுவிடும்.