போன் இருந்தால் போதுமா?

"அவரிடம்தான் போன் இருக்கிறதே டாக்டர், ஏதாவது என்றால் கூப்பிட மாட்டாரா?" சர்க்கரை நோயோ வலிப்போ உள்ளவரைத் தனியாக வேலைக்கு விடும் மேற்பார்வையாளர்களிடமிருந்து ஆலை மருத்துவராக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன மாதமும் கேட்டேன். பம்ப் அறையில் இரவு முழுக்கத் தனியாக இருப்பவர், இன்சுலின் போடுபவர். காலை ஷிஃப்டுக்கு வந்தவர்தான் அவர் தரையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. போன் சட்டைப்பையில், குளுக்கோஸ் பாக்கெட் லாக்கரில். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். அப்போது கூப்பிடலாம், சரி. இன்னும் இறங்கினால் புத்தி குழம்பிவிடும். தனக்கு ஏதோ ஆகிறது என்பதே தெரியாது. தினமும் திறக்கும் பூட்டைத் திறக்கத் தெரியாமல் நிற்பவர், எண்ணைத் தேடி அழுத்துவாரா? பல வருடமாகச் சர்க்கரை உள்ள சிலருக்கு முன்னறிகுறியே வராது. வலிப்பு வந்து நினைவு தப்பியவரும் கூப்பிடப் போவதில்லை. கேமரா இருக்கிறது என்பார்கள். அந்த நேரத்தில் அதை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

ஆகவே நீங்கள்தான் அவரைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். எடுக்கவில்லையா, உடனே ஆள் போக வேண்டும். யார் போவது, மாற்றுச் சாவி எங்கே என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அசைவு நின்றால் தானே ஒலி எழுப்பும் கருவிகளும் கிடைக்கின்றன.

இதைச் சொன்னதும் சிலர் "அப்படியானால் அவரை வேலையிலிருந்து எடுத்துவிடலாமா?" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒருவரை எடுத்தால் அடுத்தவர் நோயை மறைப்பார். மறைத்துக்கொண்டு தனியாக வேலை பார்ப்பதுதான் எனக்குப் பெரிய பயம். என்ன உதவி வேண்டும் என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் நேரத்துக்குச் சாப்பிட இடைவேளையும், சர்க்கரை பார்த்துக்கொள்ள ஒரு சுத்தமான இடமும்தான் கேட்பார். உயரத்தில் ஏறுவது, வண்டி ஓட்டுவது மாதிரி வேலைகளுக்கு மருத்துவரின் கருத்து கட்டாயம். அப்புறம், அவர் சம்மதித்தால் மட்டுமே மற்றவர்களிடம் சொல்லுங்கள்.

தேடிப் போகிறவருக்கு: நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரை அளவைப் பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். வலிப்பென்றால் அழுத்திப் பிடிக்காதீர்கள், நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, அவர் சர்க்கரை நோயாளியாக இருந்தாலோ ஆம்புலன்ஸ்தான்.

பம்ப் அறைக்காரர் வேலைக்குத் திரும்பிவிட்டார். குளுக்கோஸ் இப்போது சட்டைப்பையில். மணிக்கொரு முறை கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவருக்கு அழைப்பு போகிறது.