சுவர்க் கறையில் முகம் தெரிந்தால் மனநோயா?

"டாக்டர், பாத்ரூம் டைல்ஸில் எனக்கு முகம் முகமாகத் தெரிகிறது. மூளையில் ஏதாவது கோளாறா?" இந்தக் கேள்வியை வேறு ஏதோ பிரச்சினைக்காக வருபவர்கள்தான் கேட்பார்கள், அதுவும் கிளம்பும்போது, குரலைத் தாழ்த்தி. கோளாறு இல்லை. மேகத்தில் யானையும், பிளக் பாயிண்டில் திகைத்த முகமும் அநேகமாக எல்லோருக்குமே தெரியும். பாரிடோலியா என்பது இதன் பெயர்.

முகத்தை அடையாளம் காண்பதற்கென்றே மூளையின் அடிப்புறத்தில், இரு பக்கமும் ஒரு பகுதி உண்டு. இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு இருந்தால் போதும், கால் வினாடிகூட ஆகாமல் "முகம்" என்று மூளை முடிவு கட்டிவிடும். பிறந்த சிசுகூட முகம்போன்ற வடிவத்தின் பக்கம்தான் திரும்பும். புதருக்குள் இல்லாத முகத்தைப் பார்த்துப் பயந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை; இருக்கும் முகத்தைத் தவறவிட்டால் உயிரே போகலாம். அதனால் மூளை சந்தேகத்தின் பக்கமே சாய்கிறது. 1976-ல் வைக்கிங் 1 விண்கலம் எடுத்த படத்தில் செவ்வாய்க் கோளில் ஒரு மனித முகம் தெரிந்தது. 2001-ல் இன்னும் துல்லியமாக எடுத்த படத்தில் அது வெறும் குன்று. முதல் படத்தில் கண்ணும் வாயுமாகத் தெரிந்ததெல்லாம் நிழல்தான்.

மங்கல் வெளிச்சம், தூக்கமின்மை, பயம் மூன்றும் இதைக் கூட்டும். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது மருத்துவப்படியும் சரிதான்.

ஆகவே என்ன தெரிகிறது என்பதைவிட, அப்புறம் என்ன ஆகிறது என்பதைத்தான் நான் விசாரிப்பேன். கிட்டே போய்ப் பார்த்தால் மறுபடி கறையாகிவிடுகிறதா? சரி, கவலையை விடுங்கள். "அந்த முகம் எனக்குத்தான் ஏதோ சொல்கிறது, வண்டி எண், செய்தி வாசிப்பவரின் சட்டை நிறம் எல்லாமே எனக்கான குறிப்பு" என்று ஒருவர் உறுதியாக நம்பத் தொடங்கினால் விஷயம் வேறு. தொடர்பில்லாதவற்றில் இப்படி அர்த்தம் காண்பதை மனச்சிதைவு நோயின் தொடக்கநிலையில் கவனித்து, 1958-ல் அபோபீனியா என்று பெயரிட்டவர் கிளவுஸ் கான்ராட் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர். இந்த நிலையில் வாதாடிப் பயனில்லை, அழைத்து வாருங்கள்.

முதியவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாற்காலியில் மடித்துப் போட்ட போர்வையைப் பார்த்து, "அந்தக் குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்தீர்களா?" என்று தாத்தா கேட்கிறார். விளக்கைப் போட்டால் சமாதானமாகிறார், மறுநாள் மாலை மறுபடி கேட்கிறார். கூடவே நடை தளர்வது, தூக்கத்தில் கத்திக் கை கால் வீசுவது, ஒருநாள் தெளிவும் ஒருநாள் குழப்பமுமாக இருப்பது ஆகியவையும் சேர்ந்தால் லூயி பாடி என்ற ஒருவகை மறதிநோயை நாங்கள் சந்தேகிப்போம். இதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் இன்னொரு லாபம் உண்டு: மாயக்காட்சிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மனநல மாத்திரைகள் இவர்களுக்குக் கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போகலாம். யாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிற பழக்கம் இங்கே ஆபத்து.

பார்வை மங்கியவர்களின் கதை வேறு. கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளை தானாகவே பூக்களையும் உருவங்களையும் வரைந்துகொள்ளும். சார்லஸ் போனே என்ற சுவிஸ் இயற்கை ஆய்வாளர் 1760-லேயே தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை எழுதிவைத்தார். தெரிவது நிஜமல்ல என்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று மறைத்துவிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது கண் மருத்துவரை.

கடைசியாக ஒன்று. நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், நாளும் நேரமும் குழம்புகிறது என்றால் காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, உப்புக் குறைவோ, குடியைச் சட்டென்று நிறுத்தியதோ காரணமாக இருக்கலாம். அதற்கு என்னிடம் நேரம் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.