பாஸ்போர்ட் மாறினால் பங்கு போகாது

காரைக்குடியில் சொத்து வழக்குகளும் பத்திர வேலைகளும் பார்க்கும் வக்கீல் நான். கோலாலம்பூர், சிங்கப்பூர், நியூஜெர்சி என்று எங்கிருந்து போன் வந்தாலும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நான் இந்த ஊர் சிட்டிசன் ஆகிவிட்டேன். நம் வீட்டில் எனக்குப் பங்கு இருக்கிறதா?"

இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வாரிசின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. இந்தியாவில் வாழ்ந்த அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்த சொத்தை வெளிநாட்டில் இருப்பவர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் சொல்கிறது. வீடு மட்டுமல்ல, வயலும் தோப்பும் இதில் அடங்கும்.

இது தெரியாததால் நடக்கும் அநியாயத்தைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன். "நீ இந்தியக் குடியுரிமையை விட்டுவிட்டாய், உன் பங்கு செல்லாது, ஒரு கையெழுத்துப் போட்டுவிடு" என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை வாங்கிவிடுகிறார்கள். ஏமாறுவது அதிகமும் கட்டிக்கொடுத்து வெளிநாடு போன பெண்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் மூன்று தலைமுறைப் பங்காளிகள் சேர்ந்துதான் உரிமையாளர்கள். ஒருவர் வந்தே பல வருடமாகியிருந்தாலும் அவருடைய பங்கு அப்படியேதான் இருக்கிறது. பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்யக் கோர்ட்டுக்கு அலைவதைவிட, கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்பது எவ்வளவோ மேல்.

விலைக்கு வாங்குவது வேறு கதை. இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை உள்ளவரும் வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் வாங்க முடியாது. தாத்தா செட்டிநாட்டுக்காரர் என்பது மட்டும் போதாது, ஓசிஐ அட்டை கையில் இருக்க வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கான பழைய பிஐஓ அட்டைத் திட்டம் 2015-லேயே ஓசிஐயோடு இணைக்கப்பட்டுவிட்டது. கொள்ளுப்பேரன் வரை ஓசிஐக்கு விண்ணப்பிக்க வழி உண்டு என்பதால், மலேசியாவில் பிறந்த பிள்ளைகள் பங்காளியின் பங்கை வாங்க நினைத்தால் முதல் வேலை அதுதான்.

இலங்கைக் குடிமக்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஓசிஐ அட்டை இல்லாவிட்டால், ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகை தவிர, இங்கே சொத்து வாங்கவோ விற்கவோ ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை. கொழும்போடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்புள்ள குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. ஆனாலும் இந்த விதி பலருக்குத் தெரியவில்லை.

தேவகோட்டைச் சாலையில் மனை பார்க்கிறவர்களுக்கு ஒன்று. கல் நட்டு, ரோடு போட்டிருப்பதைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். வருவாய்ப் பதிவேட்டில் அது இன்னும் புஞ்சையாகவே, அதாவது விவசாய நிலமாகவே இருக்கலாம். மனைப்பிரிவு அங்கீகாரத்தையும் பட்டாவில் உள்ள வகைப்பாட்டையும் பார்த்த பிறகே பணம். "சரி, மச்சான் பேரில் வாங்கிவிடலாம்" என்ற யோசனைக்கும் நான் துணை போவதில்லை. அது பினாமி. சொத்தே பறிபோகும், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும் உண்டு.

வரி விஷயத்தில் மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கே குடியுரிமையைவிட, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. துபாயில் வேலை பார்ப்பவர் இந்தியக் குடிமகனாக இருந்தும் பொதுவாக வருமான வரிக்கு வெளிநாட்டில் வசிப்பவர். அமெரிக்க பாஸ்போர்ட்டோடு ஊர் திரும்பி இங்கேயே நிலையாக இருப்பவர் உள்நாட்டில் வசிப்பவர்.

இதில் மாட்டுவது பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்தான். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை கொடுத்தால், தொகை சிறியதானாலும் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வளவு வீட்டை விடுதிக்கு விட்டு மூன்று அண்ணன் தம்பிகள் வாடகையைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்றால், வெளிநாட்டில் இருப்பவர் பங்குக்கு இந்தப் பிடித்தம் உண்டு. அதே வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அதிகாரிக்குத் தகவல் தருவதும் உங்கள் பொறுப்பு.

விற்கும்போதும் அப்படித்தான். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீத வரிப் பிடித்தம் என்பது உள்நாட்டில் வசிப்பவர் விற்கும்போது மட்டும். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் விகிதம் அதைவிட மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே வருமான வரித் துறையிடம் வாங்காவிட்டால் முழு விலையின் மீதே பிடித்துவிடுவார்கள். வந்த பணம் என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கில் சேரும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

அப்புறம், பவர் பத்திரம். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பொது அதிகாரம் கொடுக்காதீர்கள். எந்த வீடு, என்ன வேலை என்று மட்டும் எழுதுங்கள். வாடகை வசூலிக்கவும் பட்டா மாற்றவும் ஆள் வேண்டுமென்றால், அதில் விற்கும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை.