பிரெச்சியா: சில்லுகள் திரண்ட பாறை

செவ்வாய்க் கோளின் பள்ள விளிம்புகளைப் பற்றி எங்கே படித்தாலும் எதிர்ப்படும் சொல் பிரெச்சியா. கூர்முனை மழுங்காத கல்துண்டுகளும் அவற்றின் இடுக்குகளை நிரப்பிய பொடியும் இறுகி ஒன்றான பாறை அது. ஜல்லி போட்ட கான்கிரீட்டை உடைத்தால் தெரியும் முகம்போல இருக்கும்.

சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. அங்கே உடைகல் சரளைக்கு அந்தப் பெயர். அதற்கும் பின்னால் ‘உடைத்தல்’ என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேர் இருக்கிறது.

இந்தப் பாறையில் முதலில் பார்க்க வேண்டியது துண்டுகளின் முனையைத்தான். ஆற்றில் உருண்ட கல் வழவழப்பாகிவிடும். 2012இல் செவ்வாயின் கேல் பள்ளத்தில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி கண்ட பாறையில் உருண்டைக் கூழாங்கற்கள் பதிந்திருந்தன. அங்கே ஓடை ஓடியது என்று அதை வைத்தே சொன்னார்கள். பிரெச்சியாவின் துண்டுகள் அப்படித் தேயாதவை.

சரி, உடைத்தது எது? நிலச்சரிவாக இருக்கலாம், எரிமலையாக இருக்கலாம், விண்கல் மோதலாகவும் இருக்கலாம். துண்டை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது. பாறை கிடக்கும் இடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செவ்வாயில் ஓடிய இன்னொரு நாசா ஊர்தியான ஆப்பர்சூனிட்டி 2011 ஆகஸ்டில் எண்டெவர் பள்ளத்தின் விளிம்பை அடைந்தது. சுமார் 22 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளத்தின் கேப் யார்க் மேட்டில் பிரெச்சியா பரவிக் கிடந்தது. மோதலில் சிதறி விழுந்து இறுகிய அந்த அடுக்குக்கு, மோதல் பள்ள ஆய்வின் முன்னோடி யூஜின் ஷூமேக்கரின் பெயரை வைத்தார்கள். அதன் அடியில், மட்டிஜெவிக் குன்றில், மெல்லிய அடுக்குகள் கொண்ட வேறொரு பாறை வெளிப்பட்டது. அது மோதலுக்கு முன்பே இருந்த தரை! பள்ளம் உருவாவதற்கு முந்தைய செவ்வாயை விளிம்பில் நின்றபடியே பார்க்க முடிந்தது. அப்புறம், ‘டிஸ்டேல் 2’ என்ற பிரெச்சியாப் பாறையில் துத்தநாகம் மிகுதியாக இருந்தது. மோதலின் வெப்பத்தில் சூடான நீர் இதனூடே ஓடியிருக்கலாம் என்ற எண்ணம் அதனால் எழுந்தது.

பிரெச்சியாவைத் தமிழில் ‘உடைந்த பாறை’ என்றால் பாதிப் பொருள்தான் வருகிறது. மறுபடி ஒட்டி இறுகியது விட்டுப்போகிறது. ‘சில்லுத்திரள் பாறை’ என்பதே என் தேர்வு. ஓட்டுச்சில்லு, கண்ணாடிச்சில்லு என்று நாம் சொல்லும் சில்லில் கூர்மை இருக்கிறது, திரளில் சேர்க்கை இருக்கிறது. விண்கல்லால் ஆனதை ‘மோதல் சில்லுத்திரள் பாறை’ எனலாம். கேல் பள்ளத்தில் கண்டது ‘கூழாங்கல் திரள் பாறை’.