வயிற்றில் புளியைக் கரைப்பது எது?

தேர்வு முடிவு வெளியாகும் காலை, பயாப்ஸி அறிக்கைக்குக் காத்திருக்கும் இரவு, மேலதிகாரியிடமிருந்து வரும் 'உடனே வரவும்' என்ற குறுஞ்செய்தி. வரப்போவது இன்னும் வரவில்லை. அதற்குள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பயத்துக்கு வயிற்றைச் சரியாகவே அடையாளம் காட்டியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

ஆபத்து வரும் என்று மூளை கணித்ததுமே, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ஓடவும் போராடவும் கைகால் தசைகளுக்கு ரத்தம் வேண்டும். செரிமான உறுப்புகளுக்குப் போகும் ரத்தம் குறைக்கப்படுகிறது. இரைப்பை மந்தமாகிறது, பெருங்குடலோ முடுக்கிவிடப்படுகிறது. சோறு இறங்காததும் அடிக்கடி கழிவறைக்கு ஓடுவதும் அதனால்தான். அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் நூறாண்டுகளுக்கு முன்பே, பூனை மிரண்டால் அதன் இரைப்பை அசைவு நின்றுவிடுவதை எக்ஸ்ரேயில் பார்த்தார்.

செய்தி ஒருவழிப் பாதையில் மட்டும் போவதில்லை. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம், உடலின் நிலையை மூளைக்குச் சொல்பவை. கலங்கிய வயிறு மனத்தை மேலும் கலக்குகிறது. மாரடைப்பு, கடும் ஒவ்வாமை, பொருந்தாத ரத்தம் ஏற்றப்படுதல் போன்ற நேரங்களில் சில நோயாளிகள், 'எனக்கு ஏதோ ஆகப்போகிறது' என்கிறார்கள். மருத்துவர்கள் இதை ஓர் அறிகுறியாகவே பாடத்தில் படிக்கிறார்கள். வீட்டில் யாராவது மார்பு அழுத்தத்தோடு இப்படிச் சொன்னால் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எது நம்மை அதிகம் வாட்டுகிறது, கெடுதல் நிச்சயம் என்பதா, வருமா வராதா என்பதா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் இதைச் சோதித்தார்கள். கணினித் திரையில் கற்கள். கல்லைப் புரட்டினால் அடியில் பாம்பு இருக்கலாம். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் வியர்வையும் மன உளைச்சலும் உச்சத்தில் இருந்தன. 2006-இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் கிரெகரி பெர்ன்ஸ் குழு நடத்திய ஆய்வில், லேசான அதிர்ச்சிக்காக நெடுநேரம் காத்திருப்பதைவிட, கடுமையான அதிர்ச்சியை உடனே வாங்கிக்கொள்வதே மேல் என்று சிலர் தேர்ந்தெடுத்தார்கள்.

சென்னையின் அடையாற்றங்கரை மக்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அதன் பிறகு மழைக்காலம்தோறும் ஏரியின் மட்டம் முழு அளவான 24 அடியை நெருங்கும்போது தூக்கம் போய்விடுகிறது. கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிவாசிகள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மழை அவர்கள் கையில் இல்லை. கார் மூழ்குமா என்ற ஒரு கேள்வியையாவது முடித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். மற்றக் கேள்விகளுக்கு விடை அதிகாரிகளிடம் இருக்கிறது: எத்தனை மணிக்கு, எத்தனை கன அடி, எந்தத் தெரு வரை. 'பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்' என்ற வரியை விட்டுவிட்டு, அந்த மூன்றையும் முன்கூட்டியே அறிவிக்கட்டும்.